செப்புக் குழாய்க்கு எந்தப் பற்றாசு வாங்குவது?

ஈயம் என்ற ஒரே சொல்லால் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்படும் ஈயமும் வெள்ளீயம். மீன்வலையின் குண்டும், கார் பேட்டரியின் தகடும் காரீயம். முன்னது உணவோடு சேரத் தக்கது. பின்னது சிறிய அளவில் உடலுக்குள் போனாலும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. குழாய்களை இணைப்பதற்குக் கடையில் வாங்கும் பற்றாசுக் கம்பி, அதாவது வழக்கில் சால்டர் என்று நாம் சொல்லும் கம்பி, இந்த இரண்டில் எதனால் ஆனது என்பதைப் பார்த்து வாங்கிவிட்டால் தெரிவின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது வெப்பநிலை, அழுத்தம், வேலை செய்யும் வசதி ஆகியவை பற்றிய சிறிய கணக்குகள்தான்.

இந்த வழிகாட்டியை பிரித்தானிய வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் குழாய் வேலை கற்றதும் செய்வதும் லண்டனில்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டன. அங்கே செப்புக் குழாயை ஏசி மெக்கானிக்கின் கையில்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே அப்படியில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குடிநீரும், பாய்லரிலிருந்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சென்று திரும்பும் சுடுநீரும் பெரும்பாலான வீடுகளில் 15 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்களில்தான் ஓடுகின்றன. இரண்டும் பல இடங்களில் ஒரே தரைப்பலகைக்குக் கீழே அருகருகே, பார்வைக்கு வேறுபாடே இல்லாமல் செல்கின்றன. பின்னால் நான் சொல்லப்போகும் ஆபத்துக்கு இந்த நெருக்கமே காரணம்.

காரீயம் எங்கே கூடாது, எங்கே வேண்டாம்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1999 ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்தி விதிமுறைகளின்படி, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குளிப்பதற்கும் பயன்படும் நீர் செல்லும் குழாய்களில் காரீயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தக் கூடாது. சுடுநீர்க் குழாயும் இதில் அடங்கும். அமெரிக்கா இதற்கு முன்பே, 1986 இல், குடிநீர்க் குழாய்களுக்கான பற்றாசிலும், ஒட்டும் முன் செம்பில் தடவும் பசையான ஃப்ளக்ஸிலும் 0.2 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. ஆயினும் காரீயப் பற்றாசு பிரித்தானியக் கடைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. ரேடியேட்டர்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் நீரை யாரும் குடிப்பதில்லை என்பதால், மூடிய வெப்பமூட்டும் சுற்றுகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆகவே அது இன்னும் விற்கப்படுகிறது. வேலையாட்கள் பலர் அதை விரும்பவும் செய்கிறார்கள்.

விரும்புவதற்குக் காரணம் உண்டு. வெள்ளீயமும் காரீயமும் சரிபாதியாகக் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 215 பாகை அளவில் முழுதும் உருகிவிடும். இந்த இடைவெளியில் அது வெண்ணெய்போல் குழைந்து நிற்பதால், கை சற்றுத் தடுமாறினாலும், குழாய்க்கும், அது செருகப்படும் இணைப்புத் துண்டான பொருத்திக்கும் இடையிலுள்ள இடுக்கு சற்று அகலமாக இருந்தாலும் இணைப்பை நிரப்பிவிடும். அதில் பழகிய கைக்குக் காரீயமற்ற பற்றாசு முதலில் முரண்டு பிடிப்பதாகத் தோன்றும். நானும் அதை உணர்ந்திருக்கிறேன்.

இருந்தாலும், வெப்பமூட்டும் குழாய்க்கென்று காரீயச் சுருள் ஒன்றையும், குடிநீருக்கென்று காரீயமற்ற சுருள் ஒன்றையும் ஒரே கருவிப் பெட்டியில் வைத்திருப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் சமையலறையை விரிவாக்கிய பிறகு குளிர்நீர்க் குழாயில் ஒரு கசிவைச் சரிசெய்யப் போயிருந்தேன். புதிதாகப் போடப்பட்ட இணைப்புகள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன. ஐயம் ஏற்பட்டு, காரீயத்தைக் கண்டறியும் சோதனைப் பஞ்சைத் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சு சிவந்தது. அந்த வேலையைச் செய்தவர் கெட்ட எண்ணத்துடன் செய்திருக்க மாட்டார். ரேடியேட்டர் குழாயை ஒட்டிக்கொண்டிருந்த அதே கம்பியை அப்படியே அடுத்த குழாய்க்கும் கொண்டுசென்றிருப்பார். ஆனால் அந்தக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில்தான் அந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு என் வண்டியில் காரீயச் சுருளுக்கு இடமில்லை.

காரீயம் ஏன் தண்ணீருக்குள் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. செம்பும் காரீயமும் ஒரே நீரில் தொட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு சிறிய மின்கலத்தில் நடப்பதுபோல, காரீயம் தன்னை இழந்து கரைகிறது. நீர் மென்மையாகவும் அமிலத்தன்மை சற்றுக் கூடியதாகவும் இருந்தால் இந்தக் கரைதல் அதிகம். இரவு முழுதும் குழாயில் தேங்கி நின்ற நீரில் அது சேர்ந்துவிடும். இதைக் குறைப்பதற்காகவே இங்குள்ள நீர் நிறுவனங்கள் பல இடங்களில் நீரில் பாஸ்பேட் சேர்க்கின்றன. லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த காரீயத்தின் எல்லை 2013 டிசம்பர் இறுதியில் 10 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்து, அதில் பத்துப் பங்கு. இவ்வளவு சிறிய எல்லைக்கு முன்னால், ஓர் இணைப்புக்குள் வழிந்து நிற்கும் காரீயத் துளி சிறியதல்ல.

சுருளின் பட்டியைப் படிக்கும் முறை

கம்பியைப் பார்த்து அதன் கலவையைச் சொல்ல முடியாது. புதிதாக இருக்கும்போது இரண்டும் பளபளக்கும். சுருளின் நிறத்தையோ கடையில் அது வைக்கப்பட்டிருந்த இடத்தையோ நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அவை மாறும். பட்டியில் அச்சிட்டிருக்கும் வேதிக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். வெள்ளீயத்துக்கு எஸ்-என், செம்புக்கு சி-யு, வெள்ளிக்கு ஏ-ஜி, ஆண்டிமனிக்கு எஸ்-பி, காரீயத்துக்கு பி-பி. குறியீட்டுக்குப் பின்னால் வரும் எண் அதன் விழுக்காடு. கடைசி இரண்டும் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றுபோல் தோன்றக்கூடியவை என்பதால் அங்கே ஒரு கணம் நின்று எழுத்தெழுத்தாகப் பார்க்கவும். பி-பி என்ற எழுத்துகள் இருந்தால் அந்தச் சுருளை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். பட்டி கிழிந்துபோன சுருளும், யாரோ கொடுத்த சுருளின் மிச்சமும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டியதில்லை.

மின்னணுப் பலகைகளை ஒட்டும் கம்பியைச் சிலர் குழாய்க்குப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். மெல்லிய அந்தக் கம்பியின் நடுவில் குங்கிலியம் போன்ற மரப்பிசின் இருக்கும். குழாயின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கும் வலிமை அந்தப் பிசினுக்குப் போதாது. மேலும் அந்தக் கம்பியில் நாற்பது விழுக்காடு வரை காரீயம் இருக்கக்கூடும். குழாய்க்கென்று விற்கப்படுவது சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, நடுவில் எதுவும் இல்லாத திண்மக் கம்பி.

காரீயமற்றவற்றுள் எது?

கடையில் பெரும்பாலும் மூன்று வகைகள் எதிர்ப்படும். முதலாவது வெள்ளீயமும் செம்பும் கலந்தது. இதிலேயே இரண்டு உண்டு. செம்பு 0.7 விழுக்காடு மட்டுமே உள்ள கலவை 227 பாகையில் சட்டென்று உருகி, வெப்பம் குறைந்தால் அதே வேகத்தில் உறைந்துவிடும். செம்பு 3 விழுக்காடு உள்ள கலவையும் 227 பாகையில்தான் இளகத் தொடங்குகிறது. ஆனால் முழுதும் உருகி முடிவதற்கு 310 பாகை வரை ஆகும். முன்னது தண்ணீர்போல் ஓடி இறுக்கமான இடுக்கில் எளிதாக ஏறும். பின்னது சற்றுக் குழைவாக நிற்பதால், பழைய காரீயப் பற்றாசில் பழகியவர்களுக்கு அதிகம் கைவரும். இடுக்கு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் நிரப்பும்.

இரண்டாவது வெள்ளீயமும் வெள்ளியும் கலந்தது. வெள்ளி 3 விழுக்காடு இருந்தால் 221 பாகையிலிருந்து 224 பாகைக்குள் உருகிவிடும். குறைந்த வெப்பத்தில் நன்றாக ஓடுகிறது, இணைப்பு உறுதியாக இருக்கிறது, பார்வைக்கும் அழகாக இருக்கிறது. குறை அதன் விலை மட்டும்தான். வெள்ளி சேர்வதால் அது எப்போதும் பல மடங்கு கூடுதலாகவே இருக்கும்.

மூன்றாவது வெள்ளீயத்தோடு 5 விழுக்காடு ஆண்டிமனி சேர்ந்தது. அமெரிக்க வழக்கில் இது நெடுங்காலமாக உண்டு. இது சுமார் 235 பாகையைச் சுற்றி உருகுகிறது, வெப்பத்திலும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் பித்தளையில் உள்ள துத்தநாகத்தோடு ஆண்டிமனி சேர்ந்து நொறுங்கும் தன்மையுள்ள சேர்மத்தை உண்டாக்கும் என்பதால், வால்வுகளும் பித்தளைப் பொருத்திகளும் இடையிடையே வரும் வீட்டு வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஜெர்மனியில் குழாய் வேலைக்கான தொழில்நெறி, குடிநீர்ச் செப்புக் குழாய்களுக்கு இரண்டே மென்பற்றாசுகளைத்தான், அதாவது குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசுகளைத்தான், ஏற்கிறது: ஒன்றில் வெள்ளீயம் 97 விழுக்காடு, செம்பு 3 விழுக்காடு; மற்றதில் வெள்ளீயம் 97 விழுக்காடு, வெள்ளி 3 விழுக்காடு. தெரிவைக் குறுக்கிவிட்டால் தவறும் குறையும் என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டு வேலைக்கு என் தெரிவு வெள்ளீயமும் செம்பும் கலந்த ஒரே சுருள். குடிநீருக்கும் அதுவே, சுடுநீருக்கும் அதுவே, ரேடியேட்டருக்கும் அதுவே. கைக்கு எட்டாத மூலையில் குறைந்த நேரமே தீ காட்ட முடியும் என்ற நிலை வந்தாலோ, பல பெரிய இணைப்புகளைச் செய்ய வேண்டியிருந்தாலோ வெள்ளி கலந்ததை எடுக்கலாம்.

காரீயமற்றது வலிமையில் குறைந்தது என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. செப்புப் பொருத்திகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1254, 34 மில்லிமீட்டர் வரையுள்ள குழாய்களில் வெள்ளீய–காரீய இணைப்புக்கு 30 பாகையில் 16 பார், 65 பாகையில் 10 பார், 110 பாகையில் 6 பார் என்று அழுத்த எல்லை வகுத்திருக்கிறது. வெள்ளீய–செம்பு, வெள்ளீய–வெள்ளி இணைப்புகளுக்கு அதே வெப்பநிலைகளில் 25, 25, 16 பார். வீட்டின் வெப்பமூட்டும் சுற்று குளிர்ந்த நிலையில் ஒன்று அல்லது ஒன்றரை பாரில் நிற்கிறது. பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறந்துவிடும். பாய்லரிலிருந்து வெளியேறும் நீர் பொதுவாக 80 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே நன்றாகச் செய்யப்பட்ட மென்பற்றாசு இணைப்பு தன் எல்லைக்கு வெகுதூரம் கீழேயே வேலை செய்கிறது. வெப்பம் ஏறும்போது காரீய இணைப்பின் எல்லை எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதையும் இந்த எண்களில் காணலாம். ரேடியேட்டர்க் குழாய்க்குக் காரீயமே நல்லது என்ற பழைய வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

வளையம் பொதிந்த பொருத்திகள்

எல்போ, டீ போன்ற செப்புப் பொருத்திகள் இங்கே இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்று வெறுமையானது, கம்பியை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். மற்றொன்றில் வாய்க்கு அருகே சிறிய புடைப்பு தெரியும். அதற்குள் பற்றாசு ஒரு வளையமாகப் பொதிந்திருக்கும். யார்க்‌ஷயர் என்று வேலையாட்கள் அழைப்பது இதைத்தான். குழாயைச் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் தடவி, செருகிச் சூடாக்கினால் வாயைச் சுற்றி வெள்ளிக்கோடு எழும், வேலை முடிந்தது. அளவுக்கு மீறிய பற்றாசு உள்ளே வழியாது என்பதால், முதன்முறையாக முயல்பவர்களுக்கு இதையே சொல்வேன், விலை கூடுதலானாலும்.

ஆனால் இந்த வளையமும் பற்றாசுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. இப்போது விற்கப்படுபவை காரீயமற்றவை. தாத்தாவின் கருவிப் பெட்டியிலோ பழைய பொருள் விற்பனையிலோ கிடைத்த வளையப் பொருத்தியில் என்ன இருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. அவற்றைக் குடிநீரில் பயன்படுத்தாதீர்கள்.

பற்றாசுக்கு ஏற்ற ஃப்ளக்ஸ்

பற்றாசு எதுவாக இருந்தாலும், ஃப்ளக்ஸ் தவறானால் இணைப்பு தவறும். செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய மறுகணமே அதன் மேல் ஆக்சைடு படியத் தொடங்குகிறது. தீ பட்டால் அது இன்னும் விரைவாகும். அந்தப் படலத்தைக் கரைத்து, காற்றையும் விலக்கி வைப்பது ஃப்ளக்ஸின் பணி. காரீயமற்ற பற்றாசுக்கு வெப்பம் கூடுதலாக வேண்டும் என்பதால், பழைய பற்றாசுக்காகச் செய்யப்பட்ட பசை, பற்றாசு உருகும் முன்பே கருகிப்போகலாம். டப்பாவில் காரீயமற்ற பற்றாசுக்கு உரியது என்றும், குடிநீருக்கு ஏற்றது என்றும், நீரில் கரையக்கூடியது என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிரித்தானியாவில் குடிநீர்ப் பொருள்களுக்கு வழங்கப்படும் டபிள்யூராஸ் ஒப்புதல் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று விற்கப்படும் வகைகளில் துத்தநாகக் குளோரைடு போன்ற வீரியமான உப்புகள் இருக்கும். அவை வேலையை எளிதாக்கும் என்பது உண்மை. ஆனால் மிச்சம் குழாய்க்குள் தங்கினால், சில ஆண்டுகள் கழித்து, இணைப்பிலிருந்து கீழ்நோக்கி வழிந்த கோட்டின் வழியே செம்பை அரித்து ஊசித் துளைகளை ஏற்படுத்தும். எந்த வகையானாலும் ஃப்ளக்ஸைக் குழாயின் வெளிப்புறத்தில் மெல்லியதாகத் தூரிகையால் தடவுங்கள். பொருத்தியின் உட்புறத்தில் தடவாதீர்கள். குழாயில் தடவியது செருகும்போது வெளியே தள்ளப்படும்; பொருத்திக்குள் தடவியது உள்ளே தள்ளப்பட்டு நீரோடும் பாதையில் தங்கும்.

சூடாக்குதலும் அளவும்

தெரிவு சரியாக இருந்தும் இணைப்புகள் கசிவதற்குக் காரணம், காரீயக் காலத்துப் பழக்கம் கையில் மிச்சமிருப்பதுதான். குழாயைத் துண்டித்தவுடன் உள்விளிம்பின் பிசிறை நீக்குங்கள். குழாயின் வெளிப்புறத்தையும் பொருத்தியின் உட்புறத்தையும் எஃகுப் பஞ்சாலோ அதற்குரிய தூரிகையாலோ பளபளக்கும்வரை தேய்த்து, பிறகு விரலால் தொடாமல் விடுங்கள். கையின் எண்ணெய்ப் பசையே பற்றாசைத் தடுக்கப் போதும். குழாயைப் பொருத்தியின் அடிவரை செருகிச் சற்றுத் திருகுங்கள்.

பிறகு தீ. புரோப்பேன் டார்ச் 15, 22 மில்லிமீட்டர் வேலைக்குப் போதுமானது. முதலில் சுவாலையைக் குழாயில் சிறிது நேரம் காட்டி, பின்னர் பொருத்தியின் உடலுக்குக் கொண்டுசென்று, சுற்றிலும் அசைத்துக்கொண்டே இருங்கள். கம்பியைச் சுவாலையில் உருக்கி மேலே சொட்டவிடுவது இணைப்பு ஆகாது. அது குளிர்ந்த செம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மணி மட்டுமே. சுவாலையை விலக்கிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியால் வாயைத் தொடுங்கள். செம்பின் சூட்டிலேயே கம்பி உருகினால் இணைப்பு தயாராகிவிட்டது. உருகாவிட்டால் மறுபடி சூடாக்குங்கள். உருகிய பற்றாசு வெப்பம் இருக்கும் பக்கத்தை நோக்கி இடுக்கின் வழியே தானாக ஏறும், மேல்நோக்கியும் கூட. செம்பு 0.7 விழுக்காடு உள்ள கலவை திடீரென்று ஓடும் என்பதால், ஓடிய கணத்தில் கம்பியை எடுத்துவிடும் பழக்கம் வேண்டும். உறையும்வரை குழாயை அசைக்கக் கூடாது. ஈரத்துணியால் உடனே குளிர்விக்கவும் வேண்டாம்.

எவ்வளவு கம்பி தேவை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 15 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவு 47 மில்லிமீட்டர். பொருத்தியின் ஆழத்தைச் சுமார் 12 மில்லிமீட்டர் என்றும் இடுக்கை 0.1 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், நிரப்ப வேண்டிய இடம் ஏறத்தாழ 56 கன மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் கம்பியில் 8 மில்லிமீட்டர் நீளமே அதற்குப் போதும். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளம் கம்பி என்ற தொழில் வழக்கு, வாயைச் சுற்றிய விளிம்பையும் சேதாரத்தையும் சேர்த்துத் தாராளமாகவே சொல்கிறது. அதற்கு மேல் ஊட்டியதெல்லாம் குழாய்க்குள் மணிமணியாகத் தொங்கும். கம்பியை முன்கூட்டியே அந்த நீளத்தில் மடக்கி வைத்துக்கொண்டால், மடிப்பு வந்ததும் நிறுத்திவிடலாம்.

குழாயில் ஒரு துளி நீர் இருந்தாலும் அது கொதித்து ஆவியாகும்வரை அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. 227 பாகையில் உருகும் பற்றாசு எப்படி ஓடும்? நீரை முழுதும் வடிக்க முடியாதபோது வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைக் குழாய்க்குள் அடைப்பது பழைய உத்தி. நீரைத் திறந்ததும் அது கரைந்து போய்விடும். மரத்தின் அருகே தீ காட்டும்போது வெப்பம் தாங்கும் விரிப்பைப் பின்னால் தொங்கவிடுங்கள். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள்.

மென்பற்றாசு போதாத இடங்கள்

450 பாகைக்குக் கீழே உருகுபவை மென்பற்றாசு, மேலே உருகுபவை வன்பற்றாசு என்பது பொதுவான பகுப்பு. ஏசி மெக்கானிக் குழாயைச் செந்தழலாகக் காய்ச்சிப் பிராசிங் ராடால் ஒட்டுவது வன்பற்றாசு. செம்பில் சுமார் 7 விழுக்காடு பாஸ்பரஸ் சேர்ந்த அந்தக் கோல் 710 பாகையளவில் உருகத் தொடங்குகிறது. பாஸ்பரஸே ஆக்சைடைக் கரைத்துவிடுவதால் செம்போடு செம்பை ஒட்ட ஃப்ளக்ஸ் தேவையில்லை. பித்தளை சேர்ந்தால் ஃப்ளக்ஸ் வேண்டும். இரும்பிலும் எஃகிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது, இணைப்பு நொறுங்கிவிடும். பழைய வெள்ளிக் கோல்கள் சிலவற்றில் கேட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலை அழிக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் அதற்குத் தடை விதித்தது. பழைய கோல் கிடைத்தால் எரிக்காதீர்கள்.

வன்பற்றாசு வலிமையானது என்பதால் எங்கும் அதுவே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வெப்பத்தில் கடினமான செப்புக் குழாய் இளகி மென்மையாகிவிடுகிறது. ஜெர்மானிய நெறி, குடிநீரில் 28 மில்லிமீட்டர் வரையுள்ள செப்புக் குழாய்களுக்கு வன்பற்றாசையே தடைசெய்கிறது. அவ்வளவு சூடேறிய குழாயின் உட்புறத்தில் குழியரிப்பு தோன்றியதைக் கண்ட அனுபவமே அதற்குக் காரணம். வீட்டுக் குடிநீருக்கு அது தேவையுமில்லை.

தேவைப்படும் இடம் சூரிய வெப்பத் தகடுகளின் சுற்று. கோடையில் தொட்டி நிரம்பச் சூடாகி, பம்பு நின்றுவிட்ட பிறகும் வெயில் காய்ந்துகொண்டிருந்தால், தகட்டுக்குள் வெப்பநிலை 150 பாகையைத் தாண்டிவிடும். வெள்ளீயப் பற்றாசு உருகாவிட்டாலும் அந்த நிலையில் அதன் வலிமை மிகவும் தளர்ந்துவிடும். அங்கே வன்பற்றாசோ தகுந்த இறுக்கப் பொருத்தியோ வேண்டும். பாய்லருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயிலும் மென்பற்றாசு கூடாது. தீ விபத்து நேர்ந்தால் இணைப்பு உருகி எண்ணெயைத் தீக்குள் ஊற்றிவிடும். எரிவாயுக் குழாயைப் பதிவு பெற்ற தொழிலாளரிடமே விட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் சட்டமும் அதையே சொல்கிறது.

பழைய வீட்டில் தொடங்கும்போது

1970களுக்கு முந்திய குழாய்கள் அங்குல அளவில் இருக்கும். முக்கால் அங்குலக் குழாய் 22 மில்லிமீட்டர்ப் பொருத்திக்குள் சரியாக உட்காராது. அதற்கென்று மாற்றுப் பொருத்தி கேட்டு வாங்க வேண்டும், இடுக்கைப் பற்றாசால் நிரப்பிச் சமாளிக்க முயலக் கூடாது. பழைய குடிநீர் இணைப்பு கசிந்தால் அதைச் சூடாக்கிப் புதிய பற்றாசை மேலே ஊட்டுவதும் வேண்டாம்: பழைய காரீயம் புதியதோடு கலந்து அங்கேயே இருக்கும், இணைப்பும் சரியாகப் பிடிக்காது. இரு பக்கமும் சுத்தமான செம்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதிய துண்டு போடுங்கள். வெட்டி எறிவதற்கு முன் காரீயச் சோதனைப் பஞ்சால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தால், வீட்டின் மற்ற இணைப்புகளைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வரலாம்.

வேலை முடிந்தபின் வெளிப்புறத்தில் உள்ள ஃப்ளக்ஸை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். விட்டுவைத்தால் சில வாரங்களில் பச்சை பூக்கும். வெப்பமூட்டும் சுற்றை ஒருமுறை நிரப்பி வடித்துவிட்டு, அரிப்புத் தடுப்பு மருந்து சேர்த்து மறுபடி நிரப்ப வேண்டும். குடிநீர்க் குழாயை முதலில் குளிர்நீரால், முழு வேகத்தில், சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். அதற்கு முன் குழாய் வாயில் திருகியிருக்கும் சிறிய வலையைக் கழற்றி வையுங்கள். பற்றாசுத் துணுக்குகளும் எஃகுப் பஞ்சின் இழைகளும் வந்து சிக்குவது அதில்தான். நீர் தெளிந்த பிறகு வலையைக் கழுவி மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கழற்றிப் பாருங்கள், இன்னும் ஒன்றிரண்டு மணிகள் வந்திருக்கும்.